இங்கிலாந்தின் கடலோர வீட்டுத் தோட்டத்தில் ஜெரேனியம் வளருமா?

நன்றாக வளரும். கடலைப் பார்த்த தோட்டத்தில் சரளைக்கல்லைக் கொட்டிவிடுவதே மேல் என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சசெக்ஸ் கரையில் நாங்கள் குடியேறியபோது எங்களுக்கும் அதே அறிவுரைதான் கிடைத்தது. அன்றும் நான் அதை ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

ஜன்னலோரத் தொட்டிகளில் வைக்கும் தென்னாப்பிரிக்கப் பெலார்கோனியத்தை அல்ல, குளிர்காலத்தில் காய்ந்து வசந்தத்தில் வேரிலிருந்து துளிர்க்கும் பல்லாண்டுச் செடியையே கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் முதலில் ஜெரேனியம் சங்குவினியத்தை வையுங்கள். பிரிட்டனின் கடலோர மணல்மேடுகளிலும் சுண்ணாம்புப் பாறைகளிலும் அது யாரும் நடாமலே வளர்கிறது. வெளிர் இளஞ்சிவப்பு இதழில் அடர்ந்த நரம்புகள் ஓடும் அதன் ஸ்ட்ரியேட்டம் வகை, கம்பிரியாவின் வால்னி தீவுக்கே உரியது. ஒரு மே மாதத் தென்மேற்குப் புயலுக்கு மறுநாள் பார்த்தபோது, உயரமாக வளரும் ஜெரேனியம் பிரட்டென்ஸ் என்ற இன்னொரு இனத்தின் இலைகள் கடலைப் பார்த்த பக்கம் மட்டும் ஓரம் கருகித் தொங்கின. அதன் காலடியில் தரையோடு படர்ந்திருந்த சங்குவினியத்தின் சிறிய, ஆழமாகப் பிளவுபட்ட இலைகளில் ஒரு கறையும் இல்லை.

நாற்றுப்பண்ணைகளில் யாரைக் கேட்டாலும் ரோசான் என்ற ஜெரேனியம் வகையைத்தான் கையில் கொடுக்கிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை. 2013இல் செல்சி மலர்க்கண்காட்சியின் நூற்றாண்டுச் செடியாகத் தேர்வான அதன் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதன் நீண்ட, மெல்லிய தண்டுகளைக் கடற்காற்று நேராக வீசும் இடத்தில் வைத்தால் அலைக்கழிந்துவிடும். எஸ்கலோனியா என்ற புதர்ச்செடியின் வேலிக்குப் பின்னால் வைத்தால் ஜூன் முதல் அக்டோபர் வரை பூக்கும். வேலியும் உயிர்வேலியாகவே இருக்கட்டும், ஏனெனில் மதிற்சுவரில் மோதும் காற்று மேலேறிக் குதித்து உட்புறத்தில் சுழன்றடிக்கும். செடிவேலி அதில் பாதியை ஊடுருவ விட்டு வேகத்தைத் தணிக்கும்.

மணல் மண்ணுக்கு உரம் போடாமல் எப்படி என்று சிலர் கேட்கக்கூடும். தழைச்சத்து மிகுந்தால் இலை மென்மையாக வளர்ந்து உப்புக்கு எளிதில் கருகும் என்பதால், இலைமக்கை மட்டும் மேலே பரப்புகிறேன். ஏப்ரலில் நட்டு, முதல் கோடையில் வேர் இறங்கும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். புயலடித்த மறுநாள் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். ஜூலையில் முதல் பூப்பு ஓய்ந்ததும் தரையை ஒட்டி வெட்டினால், சில வாரங்களில் புதுத்தழை மூடிவிடும்.