விழுந்தவரைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டதே!

கேள்வி: இட்லி மாவுப் பாத்திரத்தோடு வந்த என் மாமியார், சமையலறை ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். தலை, புடவையெல்லாம் மாவு. எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. “ஐயோ, கை” என்று அவர் அலறிய பிறகும் அடக்க முடியவில்லை. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. கணவரும் “கல்நெஞ்சக்காரி” என்கிறார்; நலம் விசாரிக்க வரும் சொந்தக்காரர்களிடமெல்லாம் நான் சிரித்ததைச் சொல்கிறார். நான் அப்படிப்பட்டவளா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை, சகோதரி. கல்நெஞ்சக்காரி இப்படி ராத்தூக்கம் கெட்டு எனக்குக் கடிதம் எழுத மாட்டாள்.

நீங்கள் சிரித்தது ஒரு சிரிப்பு அல்ல, இரண்டு. முதல் சிரிப்பு, கை முறிந்தது தெரிவதற்கு முன்பே வந்தது. உங்கள் கண்ணுக்குப் பட்டது தலையில் வழிந்த மாவுதான். சென்னையில் மருத்துவம் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1998-இல் இதைப் பற்றி ஒரு கருத்து சொன்னார். ஏதோ ஆபத்து என்று மனம் பதறுகிறது, மறுகணமே ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று தோன்றுகிறது. அதைச் சுற்றியிருப்பவர்களுக்குத் தெரிவிக்கும் சத்தம்தான் சிரிப்பு என்பது அவர் வாதம். விழுந்தவர் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தால் சிரிக்கிறோம். ரத்தத்தைப் பார்த்தால் ஓடிப்போய்த் தூக்குகிறோம். உங்கள் மனம் அவசரப்பட்டுத் தப்புக்கணக்குப் போட்டுவிட்டது.

அலறலுக்குப் பிறகும் நிற்காத சிரிப்புதான் உங்களை அரிக்கிறது என்று புரிகிறது. அது பதற்றம். 1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் ஒரு சோதனை நடத்தினார். பக்கத்து அறையில் இருப்பவர் தவறாகப் பதில் சொன்னால், சோதனையில் கலந்துகொண்டவர் ஒரு விசையை அழுத்தி அவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். உண்மையில் யாருக்கும் அதிர்ச்சி போகவில்லை. விசையை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. வியர்த்துக்கொட்டி, உதட்டைக் கடித்து, கை நடுங்கியபடி அழுத்தியவர்கள் நிறையப் பேர். அவர்களில் 40 பேரைப் பற்றிய முதல் அறிக்கையில், 14 பேருக்குச் சிரிப்பு வந்ததாக எழுதியிருக்கிறார். பிறகு அவர்களும் உங்களைப் போலத்தான், ‘நாங்கள் ரசித்துச் சிரிக்கவில்லை’ என்று வருந்திச் சொன்னார்கள்.

அன்று காலை உங்கள் இருவருக்கும் ஏதாவது சண்டை நடந்திருந்ததா, எனக்குத் தெரியாது. நடந்திருந்தால், ‘நல்லா வேணும்’ என்று ஓர் ஓரத்தில் தோன்றியும் இருக்கலாம். அதை உங்களுக்குள் ஒப்புக்கொள்ளுங்கள், போதும்.

சரி, இனி செய்ய வேண்டியது. மேலே சொன்ன எதையும் அத்தையிடம் விளக்காதீர்கள். வலியோடு தரையில் கிடந்தவருக்குக் கேட்டது உங்கள் சிரிப்பு மட்டும்தான்; எழுந்துகொள்ள முடியாத நேரத்தில் தன்னை ஒருத்தி வேடிக்கை பார்த்தாள் என்றுதான் அது அவருக்குப் பதிந்திருக்கும். “அத்தை, நீங்க வலியில துடிக்கும்போது நான் சிரிச்சிட்டேன். தப்புதான், மன்னிச்சிடுங்க” என்று மட்டும் சொல்லுங்கள். “பதற்றத்துல வந்துடுச்சு, ஆனா...” என்று இழுத்தால் மன்னிப்பு வக்காலத்தாகிவிடும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் இருக்கட்டும். வலது கையில் கட்டு என்றால் தலை பின்ன முடியாது, கொசுவம் வைக்க முடியாது, சோறு பிசைய முடியாது. கேட்கும்வரை காத்திருக்காமல் சீப்பை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். முதல் நாள் வேண்டாம் என்பார். மறுநாளும் போங்கள்.

உங்கள் கணவருக்கும் ஒன்று. நலம் விசாரிக்க வரும் சொந்தக்காரர்களிடமெல்லாம் “மருமகள் சிரிச்சா” என்கிற கதையைச் சொல்வதை அவர் இன்றோடு நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவருடைய அம்மா மறுபடி அந்த மாவில் விழுகிறார்.