விலை அதிகம், ஆனால் நேரம் தவறுகிறது: பழுதா?

பேட்டரியில் ஓடும் பழைய குவார்ட்ஸ் வாட்சைவிட பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கிய ஆட்டோமேட்டிக் வாட்ச் (கை அசைவில் தானாகவே சாவி ஏறுவது) தினமும் 8 விநாடி முந்துகிறது, திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாங்க, அது பழுதே இல்லை. குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும், ஆட்டோமேட்டிக்கில் முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீல் என்ற சிறு சக்கரம் பெரும்பாலும் 6 அல்லது 8 முறைதான் துடிக்கும், அதனால் துல்லியத்தில் மலிவானதுதான் ஜெயிக்கும். மெக்கானிக்கல் வாட்சின் துல்லியத்துக்குத் தரப்படும் சுவிஸ் கோஸ்க் (COSC) சான்றிதழே நாளுக்கு 4 விநாடி பிந்துவதையும் 6 விநாடி முந்துவதையும் ஏற்கிறது.

கூடுதல் விலைக்குப் பலன் வேறு இடத்தில் இருக்கிறதா பாருங்கள். சஃபையர் கண்ணாடி என்றால் லேசில் கீறல் விழாது. பிராண்ட் பெயருக்காக மட்டும் ஏறிய விலையை நான் தரம் என்று சொல்லவே மாட்டேன். அப்புறம், வாட்ச் மெக்கானிக்கிடம் ரெகுலேட் செய்யச் சொன்னால், அதாவது ஓடும் வேகத்தைச் சரிசெய்யச் சொன்னால், அந்த 8 விநாடியும் பெரும்பாலும் குறைந்துவிடும்.