புது பிளேடு ஏன் வெட்டுகிறது?

கேள்வி: சிங்கப்பூரில், துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். வயது 31. சுவாச முகமூடி போடும் வேலை என்பதால் தினமும் மழமழவென்று சவரம் செய்தாக வேண்டும். இரண்டு பக்கமும் கூருள்ள பிளேடு போடும் ரேசர்தான். புது பிளேடு போட்ட அன்று எங்காவது வெட்டிவிடுகிறது. அதனால் ஒரே பிளேடை மூன்று வாரம் ஓட்டுகிறேன். இப்போது தாடைக்குக் கீழே சிவப்புக் கொப்புளமும் அரிப்பும். பிளேடு தீர்ந்துவிட்டால் அறை நண்பரின் ரேசரை வாங்கிக்கொள்வேன். ஐந்து பிளேடு ரேசருக்கு மாறலாமா?

பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். நண்பரின் ரேசரை இனி தொடாதீர்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும், குழாய்த் தண்ணீரில் அலசினால் போகாது. நண்பருக்கே தன் உடம்பில் கிருமி இருப்பது தெரியாமல் இருக்கலாம். தடுப்பூசி போட்ட நினைவு இல்லையென்றால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இனி பிளேடு. மழுங்கிய பிளேடு முடியை அறுக்காது, பிடித்து இழுக்கும். அதனால் உங்களை அறியாமலே அழுத்துவீர்கள், ஒரே இடத்தில் நாலு தடவை ஓட்டுவீர்கள். மூன்று வாரத்தில் கை அந்த அழுத்தத்துக்குப் பழகிவிடும். புது பிளேடு மாட்டிய அன்றும் அதே அழுத்தம் கொடுத்தால் வெட்டாமல் என்ன செய்யும்? ஐந்தாறு சவரத்துக்கு ஒரு பிளேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும் நாளில் ரேசரின் சொந்த எடையே போதும், கை வழிநடத்தினால் சரி.

முடி இவ்வளவு மென்மையானது, எஃகை எப்படி மழுக்கும் என்று தோன்றலாம். 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முடியைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமான எஃகுதான். ஆனாலும் முடி வளைந்து சாய்வாகப் படும்போது, பிளேடு விளிம்பின் பலவீனமான இடத்தில் எஃகு பொடிப்பொடியாகத் தெறித்துவிடுகிறது. அந்தக் கரடுமுரடான விளிம்புதான் தோலைச் சுரண்டுகிறது.

தாடி முடி தண்ணீரில் ஊறினால் வெகுவாக இளகும். ஆகவே குளித்து முடித்ததும் சவரம் செய்யுங்கள். விடுதிக் குளியலறையில் வரிசை நிற்கிறது என்றால், ஈரத்துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்தாலும் போதும். அதன்மேல் நுரை. பிறகு கழுத்தை விரலால் தடவிப் பாருங்கள்: ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் சொரசொரக்கும். வழுக்கும் பக்கமாகத்தான் ரேசர் போக வேண்டும். தாடைக்குக் கீழே பலருக்கு முடி பக்கவாட்டில் சுழன்று வளரும், சிலருக்கு மேல்நோக்கிக்கூட. கன்னத்தில் ஓட்டுகிற மாதிரியே அங்கும் ஓட்டினால் எதிர்ப்பக்கமாகத்தான் போகும்.

உங்கள் கொப்புளம் இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். சுருண்ட முடியைத் தோலை இழுத்துப் பிடித்து ஒட்ட மழித்தால், நுனி தோலுக்குக் கீழே போய் உள்ளுக்குள்ளேயே வளைந்து குத்தும். தோல் சிவந்து வீங்கும். ஐந்து பிளேடு ரேசர் இதற்கு ஆகாது. முன் பிளேடு முடியை இழுக்க, பின்னால் வருவது இன்னும் ஆழத்தில் வெட்டும். விலையும் அதிகம். இருப்பதே நல்லது.

வெட்டினால் சுத்தமான டிஷ்யூவை வைத்து இரண்டு நிமிடம் அழுத்துங்கள். படிகாரமும் நல்லதுதான், தேக்கா மளிகைக்கடைகளில் கிடைக்கும், ஆனால் அதையும் பகிர வேண்டாம். எரிச்சலான தோலில் ஸ்பிரிட் கலந்த ஆஃப்டர்ஷேவ் வேண்டாம். ஊரிலிருந்து வருபவர்கள் படர்தாமரைக்கென்று கொண்டுவரும் ஸ்டெராய்டு கிரீமை முகத்தில் தடவவே கூடாது. இரண்டு நாள் அடங்கியதுபோல் இருக்கும், பிறகு தோல் மெலிந்து பருவாக வெடிக்கும். ரேசரை உதறி, அறைக்குள் காயவையுங்கள். குளியலறை ஈரத்தில் விடாதீர்கள்.

கொப்புளம் ஆற, சில வாரம் சவரமே செய்யாமல் இருப்பதுதான் சிறந்த மருந்து. முகமூடி வேலையில் அது நடக்காது; முள்ளு முள்ளாகத் தாடி இருந்தால் விளிம்பில் காற்று கசியும். 2022 ஏப்ரல் முதல் விடுதியில் தங்கும் வேலை அனுமதி ஊழியர்களுக்கு முதலாளி அடிப்படை மருத்துவத் திட்டம் வாங்கித்தர வேண்டும். அந்தத் திட்டத்தில் உள்ள கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள், சீழ் கட்டியிருந்தால் உடனே. மருத்துவர் கடிதம் கொடுத்தால், ஆறும்வரை வேறு வேலையோ, முகத்தில் ஒட்டாமல் தலையை மூடிக் காற்று ஊதும் கவசமோ தரும்படி பாதுகாப்பு அதிகாரியிடம் கேளுங்கள்.