துக்கத்துக்குப் போகாதவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2020இல் கொரோனாவைப் பற்றிக் கவிதைகளும் கதைகளும் வந்து குவிந்தன. இன்று வரும் கதைகளிலோ அந்த இரண்டு ஆண்டுகள் நடந்ததற்கான தடயமே இல்லை. திரையரங்குகளும் திருவிழாக்களும் பழையபடி நிரம்பிவிட்டன. அவ்வளவு பெரிய அனுபவம் நம் எழுத்தை மாற்றவே இல்லையா?

ர., மதுரை

அன்புள்ள ர.,

மாற்றியிருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் முகக்கவசமும் ஊரடங்கும் வரும் கதைகளில் அதைத் தேடினால் கிடைக்காது. நான் அதைக் கண்டது துக்க வீட்டில்.

கல்யாணத்துக்கு வராதவரை நம் ஊர்களில் மன்னித்துவிடுவார்கள். சாவுக்கு வராதவரை மன்னிப்பதில்லை. 2021 மே மாதம் என் தாய்மாமா இறந்தபோது இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. உடன்பிறந்தவனின் முகத்தை என் அம்மா கைபேசித் திரையில்தான் பார்த்தார். அதுவும் பாதியில் துண்டித்துப் போனது. அதன் பிறகு எங்கள் உறவில் யாரும் யாரையும் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்டதில்லை. அண்ணன் சாவுக்குத் தம்பி வரவில்லை என்று 2019இல் ஒரு கதையில் எழுதியிருந்தால், என்ன பகை என்று வாசகர் கேட்டிருப்பார். இன்று அதே வரிக்கு, எந்த ஆண்டு என்று கேட்கிறார். ஒரு வாக்கியத்தின் பொருளே இப்படி நகர்ந்துவிட்ட பிறகு, எழுத்து மாறவில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

கேளிக்கையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2020 மே 4 அன்று உங்கள் ஊரில் மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. பெண்கள் நேரலையைப் பார்த்தபடி வீட்டிலேயே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். திரையரங்குகள் அந்த நவம்பர் 10 வரை மூடியே கிடந்தன; திரைப்படம் வீட்டுக்குள் வர வழி கண்டுகொண்டது. தெருக்கூத்துக்கும் கரகத்துக்கும் அந்த வழி இல்லை. விடிய விடிய எதிரே உட்கார்ந்திருக்கும் முகங்களிலிருந்துதான் கூத்தாடுபவர் அடுத்த அடியை எடுக்கிறார். அவர்களுடைய வருமானத்தின் பெரும்பகுதி பங்குனி முதல் ஆடி வரையிலான கோயில் கொடைத் திருவிழாக்களில் இருக்க, அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அந்த மாதங்கள் பறிபோயின. கூலி வேலைக்குப் போய், மறுபடி சலங்கை கட்டாதவர்களை நான் அறிவேன். திருவிழாக் கூட்டம் திரும்பியதைப் பார்த்து எல்லாம் இயல்பாகிவிட்டது என்று நாம் சொல்லும்போது அவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது எனக்கு உறுத்துகிறது.

நீங்கள் குறிப்பிடும் மௌனம் புதியதும் அல்ல. 1911க்கும் 1921க்கும் இடையில் இந்தியாவின் மக்கள்தொகை குறைந்தது. இருபதாம் நூற்றாண்டில் அப்படிக் குறைந்த ஒரே பத்தாண்டு அதுவே. முதன்மையான காரணம் 1918இன் இன்ஃபுளுயன்சா. அதில் இந்திக் கவிஞர் நிராலா மனைவியையும் குடும்பத்தினர் பலரையும் பறிகொடுத்தார். கங்கை பிணங்களால் நிறைந்திருந்ததை அவர் உரைநடையில் எழுதியது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து. 2021இல் அதே கங்கையில் மீண்டும் உடல்கள் மிதந்தன. அதைக் கண்டவர்களில் ஒருவர் எழுத இன்னும் காலம் இருக்கிறது.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். அந்த நாட்களில் வீட்டாருக்குள் அனுப்பிக்கொண்ட கைபேசிச் செய்திகள், இ-பாஸ், மருந்துக்கடைச் சீட்டு, எது கிடைத்தாலும் தேதியோடு எடுத்து வையுங்கள். என் மாமா இறந்த வாரத்துச் செய்திகளை நான் அழித்துவிட்டேன். இன்று அந்தக் கதையை எழுத உட்காரும்போது, அம்மா அன்று என்ன சொன்னார் என்பது எனக்குச் சரியாக நினைவில் இல்லை.

அன்புடன்.