சாலையில் ஏறும் டிராக்டருக்கு எந்த விளக்கு?

கேள்வி: பினாங்கில் சுங்கை பாக்காப் பக்கம் எங்களுக்கு 12 ஏக்கர் செம்பனை இருக்கிறது. குலைகளை விற்கும் இடத்துக்கு டிராக்டரும் டிரெய்லருமாகப் பெரிய சாலையில் 3 கிலோமீட்டர் போக வேண்டும். விடியற்காலையிலும் போவோம், சில நாள் இருட்டிய பிறகும் திரும்புவோம். மகன் இணையத்தில் ஓர் எல்இடி பாரும் (நீளப் பட்டை விளக்கு), நீலமும் சிவப்புமாக மின்னும் விளக்கும் வாங்கிவிட்டான். அமெரிக்க டிராக்டர்களில் இருக்கும் ஆரஞ்சு முக்கோணத்தையும் மாட்டலாம் என்கிறான். எது சரி?

பதில்: முதலில் மகனுடைய நீலச் சிவப்பு விளக்கைப் பேசி முடித்துவிடுவோம். அதை மாட்டாதீர்கள். அந்த நிறங்கள் போலீசுக்கும் அவசர வண்டிகளுக்கும் உரியவை. சம்மன் வருவது ஒரு பக்கம். பின்னால் வருகிறவன் போலீஸ் நிற்கிறதோ என்று குழம்பி பிரேக்கை அழுத்துவது இன்னொரு பக்கம். எல்இடி பாரைத் தோட்டத்துக்குள் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் போட்டால் எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குக் கண் கூசும், அவர் உங்கள் டிரெய்லரின் ஓரத்தைப் பார்க்கவே மாட்டார்.

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இப்படித்தான். காசெல்லாம் முன்பக்கத்துக்குப் போகிறது, இடி விழுவதோ பின்பக்கத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள். கூட்டரசு சாலையில் கார் மணிக்கு 90 கிலோமீட்டரில் வருகிறது, நீங்கள் 25இல் போகிறீர்கள். இருவருக்கும் நடுவில் 100 மீட்டர் இருந்தால் ஆறு வினாடிக்குள் அது தீர்ந்துவிடும். முன்னால் தெரிவது மெதுவாகப் போகும் வண்டி என்று புரிந்துகொள்ளவே அந்த ஓட்டுநருக்கு இரண்டு வினாடி போய்விடும். இதில் நம் ஊர் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1982இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து பினாங்கில் பொழுது தாமதமாகத்தான் விடிகிறது. காலை ஆறே முக்காலுக்கும் சூரியன் வந்திருக்காது. ஏழு மணி ஷிப்டுக்குப் பத்து காவான், பிறை ஆகிய ஊர்களின் தொழிற்சாலைகளுக்குப் பறக்கிற மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் அந்த நேரத்தில்தான் உங்கள் பின்னால் வரும்.

சட்டம் என்று பார்த்தால் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வண்டியின் அமைப்பு, பயன்பாடு பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகளும்தான் அடிப்படை. விவசாய வண்டிதானே என்று பொதுச் சாலையில் யாரும் விட்டுவிட மாட்டார்கள். ரோட்டேக்ஸ், இன்சூரன்ஸ், டிராக்டருக்கு உரிய லைசென்ஸ் மூன்றும் வேண்டும். காருக்கான டி லைசென்ஸ் இதற்குச் செல்லாது.

நிறத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் விளக்கு விஷயத்தில் பெரிதாகத் தவறு நேராது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, திரும்பும் சிக்னல் ஆரஞ்சு. பின்னால் வெள்ளை வெளிச்சம் என்றால் அது நம்பர் பிளேட்டுக்கும் ரிவர்ஸுக்கும் மட்டும். டிராக்டர் கூரையில் பின்பக்கம் பார்த்து ஒரு வேலை விளக்கு இருக்குமே, அதைத்தான் பலர் அணைக்க மறந்துவிடுகிறார்கள். ஓர் இரவு அப்படி ஒரு வண்டியின் பின்னால் நானே மாட்டிக்கொண்டேன். எதிரே ஏதோ லோரி வருகிறது என்று நினைத்து ஓரம் ஒதுங்கினேன். கிட்டே போன பிறகுதான் அது நான் போகும் திசையிலேயே போகிறது என்று தெரிந்தது.

அடுத்தது டிரெய்லர். குலை ஏற்றியதும் டிராக்டரின் பின்விளக்கு மறைந்துவிடும். ஆகவே டிரெய்லருக்கென்று தனியாக இரண்டு சிவப்புப் பின்விளக்கு, பிரேக் விளக்கு, இரண்டு சிக்னல், சிவப்பு ரிப்ளெக்டர், வெளிச்சத்தோடு நம்பர் பிளேட் எல்லாம் வேண்டும். விளக்குகள் டிரெய்லரின் அகலத்தைக் காட்டும்படி இரண்டு ஓரத்திலும் இருக்க வேண்டும். நடுவில் இரண்டையும் நெருக்கி வைத்தால் தூரத்தில் அது மோட்டார் சைக்கிள் போலத்தான் தெரியும்.

‘மட்டை இடித்து விளக்கு உடைந்துவிடுகிறது’ என்பீர்கள். உண்மைதான். அதற்கு நான் சொல்வது கழற்றி மாட்டும் பலகை. டிரெய்லர் அகலத்துக்கு ஒரு பலகை, அதில் எல்லா விளக்கும் ரிப்ளெக்டரும். சாலை ஏறும் முன் பின்பக்கத்தில் கொக்கியில் மாட்டி, ஏழு ‘பின்’ (pin) உள்ள பிளக்கைச் சொருகினால் போதும். தோட்டத்துக்குள் போனதும் கழற்றி வைத்துவிடலாம். பேட்டரியில் எரியும் காந்த விளக்கை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மேடு பள்ளத்தில் அது விழுந்துவிடும்.

வயரிங் செய்யும் ஃபோர்மனிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எர்த்தை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பை, டிரெய்லர் கொக்கி வழியாக விடக்கூடாது. கிரீஸும் துருவும் சேர்ந்த இடம் அது. பிளக்கின் மூன்றாவது பின்னிலிருந்து வெள்ளை வயரைத் தனியாகப் பின்விளக்கு வரை இழுக்க வேண்டும். எர்த் சரியில்லை என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். பிரேக்கை மிதித்தபடி சிக்னல் போடுங்கள், சிக்னலோடு சேர்ந்து பின்விளக்கும் மங்கி மங்கி எரிந்தால் கோளாறு அங்கேதான். பழைய பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்ட பிறகு சிக்னல் படபடவென்று வேகமாக அடித்தால் பயப்பட வேண்டாம், எல்இடிக்கான பிளாஷர் ரிலே மாற்றினால் சரியாகிவிடும்.

இனி அந்த முக்கோணம். 1960களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவானது அது. மணிக்கு 25 மைலுக்கு, அதாவது 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டிகளுக்கான அடையாளம். நடுவில் உள்ள ஆரஞ்சு பகலில் பளிச்சென்று தெரியும், சுற்றியுள்ள சிவப்புக் கரை இரவில் ஹெட்லைட் பட்டால் மின்னும். மாட்டுங்கள், நல்லதுதான். ஆனால் நம் ஊர் ஓட்டுநருக்கு அதன் பொருள் தெரியாது, பழுதாகி நிற்கும் வண்டி என்றுதான் நினைப்பார். அமெரிக்காவிலேயே இருட்டில் அது விளக்குக்குப் பதிலாகாது. தூசியும் எண்ணெயும் படிந்தால் ஒளியைத் திருப்பி அனுப்பாது, வாரம் ஒரு முறை சோப்புத் துணியால் துடையுங்கள்.

கூரையில் சுழலும் ஆரஞ்சு விளக்கு வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மெதுவாகப் போகும் வண்டிக்கு என் கணக்கில் அதைவிட நல்லது இல்லை. பிரிட்டனில் மணிக்கு 50 மைலுக்கு மேல் வேகம் அனுமதித்த, நடுவில் பிரித்த இரட்டைச் சாலையில் 25 மைலுக்கு மேல் ஓட முடியாத வண்டி வந்தால் அது கட்டாயம். இங்கே மாட்டுவதற்கு முன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அலுவலகத்தில் டிராக்டரின் பதிவு அட்டையைக் காட்டி அனுமதி கேட்டுவிடுங்கள்.

அதற்குப் பதிலாக வழி முழுக்க டபள் சிக்னல் (இரண்டு பக்கச் சிக்னலும் ஒன்றாக மின்னுவது) போட்டுக்கொண்டு போகாதீர்கள். மழையில் எல்லாரும் செய்கிறார்களே என்றால், அதுவும் தப்புதான். டபள் சிக்னல் எரியும்போது நீங்கள் வலது பக்கம் திரும்புவது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. பெரிய சாலையிலிருந்து வலது பக்கத் தோட்டப் பாதைக்குள் வளையும் அந்த நொடியில்தான் மோட்டார் சைக்கிள் ஒன்று உங்களை முந்த வலப்புறம் ஏறியிருக்கும். 100 மீட்டருக்கு முன்பே வலது சிக்னல் போடுங்கள், கண்ணாடியைப் பாருங்கள், சந்தேகமாக இருந்தால் இடது ஓரம் நிறுத்தி எல்லாரையும் போகவிட்டு அப்புறம் திரும்புங்கள்.

எல்லாம் மாட்டியதும் இருட்டிய நேரத்தில் குலை ஏற்றிய டிரெய்லரைத் தோட்ட வாசலுக்கு உள்ளேயே நிறுத்தச் சொல்லி, 100 அடி பின்னால் நடந்து போய்ப் பாருங்கள். மகன் பிரேக், இடது, வலது என்று ஒவ்வொன்றாகப் போடட்டும்.