பம்ப்கின் பை நடுவில் பிளக்கிறதா?

அமெரிக்கத் திருநாளான தேங்க்ஸ்கிவிங்குக்குச் செய்த பம்ப்கின் பை (மாவு ஓட்டில் பூசணிக்காய்க் கலவை ஊற்றி ஓவனில் சுடும் இனிப்பு) நடுவில் பிளந்துவிட்டது, அடியும் சொதசொதவென்று இருந்தது என்கிறீர்கள். பிளந்ததற்குக் காரணம் அதிக நேரம் ஓவனில் விட்டதாகத்தான் இருக்கும். கலவையில் முட்டை இருக்கிறதே, சூடு மிஞ்சினால் இறுகிச் சுருங்கிவிடும். ஓரம் கெட்டியாகி, தட்டை லேசாக அசைத்தால் நடு மட்டும் தளதளவென்று ஆடும்போதே எடுத்துவிடுங்கள். உள்ளே 80 டிகிரி செல்சியஸ் வந்தால் போதும், மீதியை உள்சூடே பார்த்துக்கொள்ளும். கத்தியால் குத்திப் பார்க்க வேண்டாம். நான் ஒருமுறை குத்தினேன், பிளவு அந்த ஓட்டையில்தான் ஆரம்பித்தது.

அடிமாவு சொதசொதக்காமல் இருக்க வழி சுலபம், அதை முதலில் தனியாகச் சுட்டுவிடுங்கள். கலவையை ஊற்றும் முன் மாவின்மேல் பேக்கிங் தாள் விரித்து, காய்ந்த பயறு நிரப்பி 200 டிகிரியில் 15 நிமிடம். அப்புறம் பயறை எடுத்துவிட்டு இன்னும் ஏழெட்டு நிமிடம்.