பன்னிரண்டு முனை நட்சத்திரம்: நவூருவின் கொடி

தீவு நாடுகளின் கொடிகளில் எது சிறந்த வடிவமைப்பு, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். என் தேர்வு பசிபிக் பெருங்கடலில் இருக்கும் நவூருவின் கொடி.

நீலத் துணி, நடுவே குறுக்காக ஒரு மெல்லிய மஞ்சள் கோடு, அதற்குக் கீழே கொடிமரத்தை ஒட்டிய பக்கம் ஒரு வெள்ளை நட்சத்திரம். அவ்வளவுதான். வெறுமையான கொடி என்று சிலர் இதை ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் இது ஒரு வரைபடம். நீலம் பெருங்கடல், மஞ்சள் கோடு நிலநடுக்கோடு, நட்சத்திரம்தான் நாடு. 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டரில் இருக்கிறது. அதனால்தான் நட்சத்திரம் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. கோட்டுக்கு வடக்கே இருக்கும் மார்ஷல் தீவுகள் 1979இல் தங்கள் கொடியை அமைத்தபோது நட்சத்திரத்தைக் கோட்டுக்கு மேலே வைத்துக்கொண்டன. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், யார் எந்தப் பக்கம் என்பது உடனே விளங்கும்.

நட்சத்திரத்தின் வெண்மை பாஸ்பேட்டைக் குறிக்கிறது என்பார்கள். பல பத்தாண்டுகளாக அந்தப் பாஸ்பேட்டைத்தான் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தங்கள் வயல்களுக்கு உரமாக அள்ளிச் சென்றன. தீவின் பெரும்பகுதி தோண்டப்பட்டு, கூர்கூரான சுண்ணாம்புப் பாறைகள் மட்டும் மிஞ்சின. நவூரு 1989இல் ஆஸ்திரேலியா மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1993இல் இழப்பீடு தர ஆஸ்திரேலியா ஒப்புக்கொண்டது.

என்னை மிகவும் பாதிப்பது நட்சத்திரத்தின் முனைகள்தான். மொத்தம் 12. தீவின் ஆதிக் குலங்கள் பன்னிரண்டுக்கும் ஆளுக்கொரு முனை. அங்கே பிள்ளைகள் தாயின் குலத்தையே சேர்வார்கள். ஒரு குலத்தில் பெண் வாரிசு அற்றுப்போனால் அந்தக் குலமே முடிந்துவிடும். இருட்சி, இவி என்ற இரண்டு குலங்கள் அப்படி மறைந்துவிட்டன. ஆனால் நட்சத்திரத்தில் அவற்றுக்கும் இடம் உண்டு. இருப்பவர்களை மட்டும் எண்ணிப் பத்து முனை வரைந்திருந்தால் இந்தக் கொடி எனக்கு இவ்வளவு பெரிதாகத் தோன்றியிருக்காது.

அந்த மறைவுக்குப் பின்னால் போர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது தீவைப் பிடித்த ஜப்பானியப் படை, 1943இல் ஏறத்தாழ 1,200 நவூரு மக்களைப் பசிபிக்கில் தன் வசமிருந்த ட்ரக் தீவுகளுக்குக் (இன்றைய மைக்ரோனேசியாவின் சூக்) கொண்டுபோய்க் கட்டாய வேலை வாங்கியது. பசியிலும் நோயிலும் குண்டுவீச்சிலும் பலர் மாண்டார்கள். உயிர் தப்பிய 737 பேர் 1946 ஜனவரி 31 அன்று ஊர் வந்து சேர்ந்தார்கள். 22 ஆண்டுகள் கழித்து, 1968இல், அதே ஜனவரி 31ஐத்தான் நவூரு தன் விடுதலை நாளாகத் தேர்ந்தெடுத்தது. இந்தக் கொடி நடைமுறைக்கு வந்ததும் அன்றுதான்.